பெரிய எழுத்து, சின்ன எழுத்து

குடிநீர் வாரியத்தின் இயந்திர அறைக்கு ஒரே ஒரு சாவிதான். அது இருபத்திரண்டு வருடங்களாக ஒரே ஒருத்தியின் கைப்பையில் கிடந்தது. அதனால் வாரியத்தில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அறைக்குள் இருந்த கம்ப்யூட்டருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. மாமியார். ஊரில் இருக்கும் நாற்பத்தோரு வால்வுகளையும் பதினாறு பம்புகளையும் எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பது அதன் பொறுப்பு. ஊர் உலகம் வைத்திருக்கிற இயங்குதளம் அதில் இல்லை. அதில் இருப்பதைச் செய்த கம்பெனி கடையைச் சாத்திவிட்டுப் போய் வெகுகாலமாகிறது. மாமியார் என்ற பெயர் சும்மா வரவில்லை. அது எதையும் மறக்காது. ஒரு கோப்பைத் திருத்தி எழுதினால் பழையதை அழிக்காது. புதியதை இரண்டாம் பதிப்பு என்று மேலே வைத்துக்கொள்ளும். மறுபடி திருத்தினால் மூன்றாம் பதிப்பு. சாதாரணமாகக் கேட்டால் மேலே இருப்பதை மட்டும் காட்டும். கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால், பத்து வருடத்துக்கு முன்னால் செய்த தப்பைக்கூட நாள், நேரத்தோடு எடுத்து முன்னால் போடும்.

பட்டப்பெயர் வைத்தவளே சாவியக்காதான். வீட்டு மாமியார் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிவிட்டது. அந்த அம்மாளோடு குப்பை கொட்டியதற்கு இது எவ்வளவோ தேவலை என்பாள். வால்வுகளுக்கான கட்டளைகள் எல்லாம், மாமியாருக்கு மட்டுமே புரிகிற மொழியில் அவள் கைப்பட எழுதியவை. படித்துப் புரிந்துகொள்ள இன்னொரு ஆள் வாரியத்தில் இல்லை. இதில் அவளுக்குப் பெருமை. பூசி மெழுகுவானேன், கொஞ்சம் திமிரும்தான்.

அந்தத் திமிருக்குத்தான் இப்போது ஆப்பு வந்திருந்தது. ஆப்பை எடுத்து வந்தவள் வேறு யாரும் இல்லை. அவளுடைய ஓரகத்தி.

புருஷனின் தம்பி மனைவி. வாரியத்தின் மென்பொருள் பிரிவில் வேலை. எட்டு வருடத்துக்கு முன்னால் சின்ன மருமகளாக அந்த வீட்டுக்கு வந்து மாடியில் குடியேறினாள். வந்த முதல் வருடம், அவள் கழுவி வைத்த பாத்திரங்களையெல்லாம் சாவியக்கா அவள் கண் முன்னாலேயே எடுத்து மறுபடி கழுவினாள். பதிலுக்குச் சின்னவள் ஒரு நாள், உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், அக்காவுக்கு என்ன வேலை என்று யாரோ கேட்டதற்கு, "பொத்தான் அமுக்குற வேலைதான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சாவியக்காவின் புருஷனும் சிரித்தார். மறக்காத விஷயத்தில் சாவியக்கா அந்தக் கம்ப்யூட்டருக்குச் சளைத்தவள் அல்ல.

ஆனாலும் தினமும் காலையில் இருவரும் ஒரே ஸ்கூட்டரில்தான் ஆபீஸுக்குப் போனார்கள். ஒரே வீடு, ஒரே ஆபீஸ், வேறு என்ன செய்வது? சின்னவள் ஓட்டுவாள், சாவியக்கா பின்னால் உட்காருவாள். இருவருக்கும் நடுவில் கைப்பை உட்காரும். எட்டு வருடத்தில் அந்தப் பையை ஒரு நாளும் அவள் மடியில் வைத்துக்கொண்டதில்லை.

சின்னவள் கொண்டு வந்த யோசனை இதுதான். கல்லூரியை விட்டு நேற்று வெளியே வந்தவர்களுக்கும் தெரிந்த ஸ்கிரிப்ட் மொழி ஒன்று இருக்கிறது. அதை மாமியாருக்குள் நிறுவிவிட்டால், சாவியக்கா எழுதியதையெல்லாம் அதில் மாற்றி எழுதிவிடலாம். இந்தக் கம்ப்யூட்டருக்கென்று தயார் நிலையில் அது எங்கும் கிடைக்காது. அதன் மூலநிரலைக் கொண்டு வந்து, இங்கேயே கம்பைல் செய்து, துண்டு துண்டாகக் கட்டி எழுப்ப வேண்டும். செய்து காட்டுகிறேன் என்று சின்னவள் எழுதிக் கொடுத்தாள். செய்துவிட்டால் அப்புறம் சாவியக்கா எதற்கு? பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது என்று மேலாளர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

அவள் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்த மொழி ஓடாவிட்டால் யோசனையை மூட்டை கட்டிவிடுவது, சாவியக்கா இருக்கும்வரை பழையபடியே ஓட்டுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. ஆக அவள் தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது ஐந்தே நாள்.

திங்கட்கிழமை காலையில் சின்னவள் மடிக்கணினியோடு வந்து சாவியக்காவின் மேஜையில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். நிறுவும் வேலைக்கு, இயந்திரத்தில் எதையும் மாற்ற உரிமையுள்ள காவலர் கணக்கு வேண்டும்; அது சாவியக்காவுடையது. மேலாளர் உத்தரவு என்பதால் பாஸ்வேர்டை அவளே அடித்து உள்ளே விட்டாள். மூலநிரல் முழுவதும் ஒரே பொட்டலமாக வந்து இறங்கியது. அதைப் பிரிக்கும்படி கட்டளை கொடுத்துவிட்டு, இது முடிய முக்கால் மணி நேரம் ஆகும் என்று சின்னவள் டீ குடிக்கப் போனாள். திரையில் வரிகள் கண்மண் தெரியாமல் ஓடின. ஓடிய வரிகளையெல்லாம் மூலையில் இருந்த பழைய பிரிண்டர் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளியது.

அந்தக் காகிதத்தை இந்தக் காலத்தில் யார் படிக்கிறார்கள்? சாவியக்கா படித்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு வரி வந்தது: இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு உள்ளது, இரண்டாம் பதிப்பாக வைக்கிறேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் பெரியது, சின்னது என்று இரண்டு உருவம். உலகத்தில் பாதிக் கம்ப்யூட்டர்கள் பெரிய எழுத்தில் எழுதிய பெயரையும் சின்ன எழுத்தில் எழுதிய பெயரையும் வேறு வேறாகப் பார்க்கும். மாமியாருக்கு அந்தப் பாகுபாடே கிடையாது. பெரியதும் சின்னதும் ஒன்று. பொட்டலத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. பெரிய எழுத்தில் இருந்தது, சின்னவள் இந்த இயந்திரத்துக்காகத் தன் கையால் எழுதிய நாற்பது வரி. சின்ன எழுத்தில் இருந்தது, மொழியைச் செய்தவர்கள் கொடுத்த பொதுவான அமைப்பு. கட்டுமானத்துக்கு இரண்டுமே வேண்டும். பெரியது முதலில் வந்து உட்கார்ந்தது. சின்னது பின்னால் வந்து அதன் தலைமேல் ஏறிக்கொண்டது. பெரியது செத்துவிடவில்லை, அடியில் பத்திரமாக இருந்தது. ஆனால் இனிமேல் யார் கண்ணுக்கும் படாது.

ஒரே ஒரு வார்த்தை போதும். ஏம்மா, இங்கே பெரிய எழுத்து சின்ன எழுத்து கிடையாதே என்று சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஒன்றுக்குப் பெயரை மாற்றிவிட்டு மேலே போய்விடலாம். சாவியக்கா காகிதத்தை அந்த இடத்தில் கிழித்தாள். நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். சின்னவள் திரும்பி வந்து ஏதாவது தடங்கல் வந்ததா என்று கேட்டதற்கு, "எனக்கென்னம்மா தெரியும், நான் பொத்தான் அமுக்குறவ" என்றாள். எட்டு வருடமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை. சொன்னதும் உச்சி குளிர்ந்தது.

அன்று மாலை அந்தக் காகிதமும் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை கட்டுமானம் பாதியில் நின்றது. சின்னவள் தன் கோப்பைத் திறந்து பார்த்தாள். தான் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை. எல்லாம் பொது அமைப்பு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மடிக்கணினியில் இருந்து தன் நாற்பது வரியை மறுபடி ஏற்றினாள். அது பொது அமைப்பின் தலைமேல் போய் உட்கார்ந்தது. புதன்கிழமை காலை ஓட்டிப் பார்த்தால், பொது அமைப்பைக் காணவில்லை என்று கட்டுமானம் நின்றது. ஒன்றை வைத்தால் இன்னொன்று காணாமல் போயிற்று. சாவியக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பம்பு அட்டவணையைச் சரிபார்ப்பது போல எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு ரொம்ப நாளாக வாய்க்கவில்லை.

வேறொருத்தியாக இருந்தால் இயந்திரத்தைச் சந்தேகப்பட்டிருப்பாள். சின்னவளுக்குச் சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தது. கோப்பின் விவரத்தைக் கேட்டாள். மாற்றியது காவலர் கணக்கு என்று வந்தது. பொது அமைப்பு மேலே வந்த நேரம் திங்கட்கிழமை பதினொன்று ஐம்பத்திரண்டு என்று வந்தது. அந்த நேரத்தில் அவள் டீக்கடையில் இருந்தாள். அறையில் இருந்தது ஒரே ஒருத்தி. சின்னவள் எழுந்து நேரே மேலாளர் அறைக்குப் போனாள். அரை மணி நேரத்தில் சாவியக்காவுக்கு அழைப்பு வந்தது.

மேலாளர் எப்போதும் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறவர். அன்று ஒரு பக்கம்தான் ஆட்டினார். புகார் எழுத்தில் இருந்தது. சின்னவள் அதைப் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"மேடம் என் ஃபைலை வேணும்னே மாத்திருக்காங்க. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. தண்ணி சப்ளை சம்பந்தப்பட்ட மெஷின்ல இது சின்ன விஷயம் இல்ல சார்."

எட்டு வருடமாக அக்கா என்று கூப்பிட்ட வாய். மேடம் என்ற அந்த ஒற்றைச் சொல்லில் சாவியக்காவுக்கு நெஞ்சு எரிந்தது. மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கைவரிசை காட்டியது உண்மை என்றால் கிடங்கு நாற்காலிகூடக் கிடையாது, வேலையே போய்விடும் என்றார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை. அதுவரை சாவியக்கா இயந்திரத்தைத் தொடக்கூடாது.

அன்று அவள் பேருந்தில் வீட்டுக்குப் போனாள். செய்தி ஸ்கூட்டரில் முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மாடியில் இருந்து தம்பி இறங்கி வந்து அண்ணனிடம் ஏதோ பேசிவிட்டுப் போயிருக்க வேண்டும். புருஷன் கூடத்தில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்வரை பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

"நீ ஏதாவது கை வச்சியா?"

முப்பது வருடம் கூட வாழ்ந்த மனுஷன். அவள் பொய் சொல்வாள், சண்டை போடுவாள், சொன்னதைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் பேசாமல் இருப்பாள். இதெல்லாம் அவருக்குத் தெரியும். வேலையில் கள்ளத்தனம் செய்யமாட்டாள் என்பது தெரிய வேண்டாமா? அவள் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. எப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் ஒட்டடைக் குச்சியை எடுத்துக் கூரையில் நாலு இடி இடிப்பாள். அன்றும் இடித்தாள். மேலே சத்தம் நிற்கவில்லை.

கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். இதைக் காட்டினால் அவள் பெயர் தப்பித்துவிடும். ஆனால் காட்டிய கையோடு சின்னவளுக்குக் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மொழி ஓடும், நாற்காலி போய்விடும். காட்டாவிட்டால் மொழி ஓடாது. ஆனால் அவள் கள்ளி. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வால்வுகூடத் தப்பான நேரத்தில் திறந்ததில்லை. கடைசியில் ஊர் தண்ணீரில் விளையாடினவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நினைக்க நினைக்க அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. மாடியில் இருப்பவள் மேல் பாதி, கூடத்தில் இருப்பவர் மேல் பாதி.

காலையில் முடிவெடுத்துவிட்டாள். நாற்காலி போனால் போகிறது. அந்த மனுஷன் கேட்ட கேள்விக்கு அந்த மேலாளர் வாயால் பதில் வர வேண்டும்.

பத்து மணிக்கு மேலாளர் அறையில் காகிதத்தை மேஜைமேல் பிரித்து வைத்தாள். நீட்டி முழக்காமல் நிதானமாக விளக்கினாள். பொட்டலம் பிரிந்தபோதே இரண்டு கோப்பும் ஒரே பெயருக்குள் விழுந்துவிட்டன, யாரும் எதையும் தொடவில்லை, காவலர் கணக்கில் உட்கார்ந்து வேலை செய்தால் எல்லாம் காவலர் பெயரில்தான் பதிவாகும் என்றாள். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"பெரிய எழுத்து, சின்ன எழுத்து. இது தெரியாமதான் மெஷினைக் கட்டி ஆள வந்தியா? நாலு நாளா உன் ஃபைலை நீயேதான் மறைச்சுட்டிருந்தே."

சின்னவளின் முகம் வெளுத்தது. காகிதத்தை இழுத்து ஒரு முறை படித்தாள். மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். இரண்டு பெயர்களும் அக்காவும் தங்கையும் போல அருகருகே இருந்தன. மேலாளர் அசடு வழிந்தபடி, அப்படியானால் புகாரில் ஒன்றும் இல்லை என்று சாவியக்காவிடம் தலையாட்டினார். அவளுக்குப் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. கால் நிமிடம் அப்படி இருந்தது.

சின்னவள் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. மேல் ஓரத்தைக் கட்டைவிரலால் நீவிவிட்டாள். மாமியார் ஒவ்வொரு தாளிலும் நாள், நேரம் அடிக்கும்.

"சார், இது திங்கட்கிழமை அடிச்ச தாள்."

மேலாளருக்குப் புரியவில்லை.

"இன்னிக்கு வியாழக்கிழமை. திங்கட்கிழமையே கிழிச்சு வச்சிருக்காங்க. நான் மூணு நாளா முட்டி மோதறதைப் பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருந்திருக்காங்க." அவள் சாவியக்கா பக்கம் திரும்பினாள். "தடங்கல் வந்துதான்னு நான் வாய்விட்டுக் கேட்டேன், அக்கா."

மறுபடியும் அக்கா ஆகியிருந்தாள். மேடமே தேவலையாக இருந்தது. சாவியக்கா வாயைத் திறந்தாள். சொல்ல நூறு விஷயம் இருந்தது. பொத்தான், கூடம், சிரிப்பு. ஒன்றும் மேலாளர் அறையில் சொல்லும் விஷயமாக இல்லை. அவள் தப்பை நாள், நேரத்தோடு மாமியார் எடுத்துப் போட்டுவிட்டது.

மாற்றியிருந்தால் குற்றம், அவள் மாற்றவில்லை. ஆனால் தெரிந்தும் மறைத்தவரிடம் இயந்திரத்தை விட்டு வைக்க முடியுமா என்று மேலாளர் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார். முடியாது என்று பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார். போய் முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள், உங்கள் கணக்கு, நீங்களே அடியுங்கள் என்றார்.

மூன்று பேரும் இயந்திர அறைக்குப் போனார்கள். சாவியக்கா தன் நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தாள். முழுப் பட்டியல் கேட்டாள். மாமியார் அடியில் இருந்ததையெல்லாம் வரிசையாகக் காட்டியது. பெரிய எழுத்துக் கோப்பு அதே பெயரில் இருக்கலாம், பொது அமைப்புக்கு வேறு பெயர் கொடுத்து, கட்டுமானத்தில் அதைத் தேடும் இடத்திலும் மாற்றிவிட்டால் போதும் என்றாள். என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள்.

சின்னவள் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"பழசுன்னு வைங்க."

எந்தக் கோப்பை யோசித்துச் சொன்னாளோ, எதை யோசித்துச் சொன்னாளோ. சாவியக்கா திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. ஒவ்வொன்றாக அடித்தாள்.

மூன்றரை மணிக்குக் கட்டுமானம் முடிந்தது. சோதனைக்குச் சின்னவள் புது மொழியில் ஒரு வரி எழுதினாள். நாற்பத்தோரு வால்வுகளின் நிலவரமும் திரையில் வந்து நின்றது. இதையே காட்ட சாவியக்கா அந்தக் காலத்தில் முந்நூறு வரி எழுதியிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது. மேலாளர் கையை நீட்டினார். அவள் பைக்குள் துழாவிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். அவர் அதை அங்கேயே சின்னவளிடம் கொடுத்தார்.

ஐந்தரை மணிக்கு ஸ்கூட்டர் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சின்னவள் கூப்பிடவும் இல்லை, கிளம்பவும் இல்லை. சாவியக்கா பின்னால் ஏறிக் கைப்பையை நடுவில் வைத்தாள். வீட்டுக்கு முன் திருப்பத்தில், சிக்னலுக்கு நின்றபோது, சின்னவள் தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"திங்கட்கிழமைல இருந்து நான் ஏழு மணிக்கே போகணும். கிடங்கு பத்து மணிக்குத்தான் திறப்பாங்களாம். பஸ் இருக்கு."

சாவியக்கா சரி என்று மட்டும் சொன்னாள்.

புருஷன் வாசலிலேயே காத்திருந்தார். சின்னவள் அவரைக் கடந்து படியேறி மாடிக்குப் போகும்வரை பேசாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீ செய்யலைன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது. நான் செய்யலைன்னும் தெரிஞ்சுது, சொல்லலைன்னும் தெரிஞ்சுது."

அவர் உள்ளே போய்ப் பேப்பரை எடுத்துக்கொண்டார். சாவியக்கா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். பை லேசாக இருந்தது. ஒரு சாவிக்கு இவ்வளவு எடையா என்று நினைத்தாள்.

மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ஒட்டடைக் குச்சி கைக்கு எட்டும் தூரத்தில் மூலையில் சாய்ந்திருந்தது. புருஷன் பேப்பருக்கு மேலாக அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.